கைக்குத் தகுந்த விளையாட்டுப் பலகை

சமையலறையில் அடுப்பு மேடை கட்டும்போது விஷயம் தெரிந்த மேஸ்திரி என்ன செய்வார்? வீட்டு அம்மாளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, முழங்கைக்கு எவ்வளவு கீழே மேடை வர வேண்டும் என்று அளந்து பார்ப்பார். உயர்ந்துவிட்டால் தோள் வலி. தாழ்ந்துவிட்டால் முதுகு வலி. மேடைக்குத் தகுந்தபடி நம்மை வளைத்துக்கொள்ள முடியாது. நமக்குத் தகுந்தபடிதான் மேடை இருக்க வேண்டும். இந்தச் சின்ன நியாயத்தைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் மட்டும் ஏனோ நாம் பார்ப்பதில்லை. கடையில் எப்படி வருகிறதோ அப்படியே வாங்கிக் கொடுத்துவிட்டு, "இதுகூட ஆடத் தெரியலையா?" என்று கேட்டு விடுகிறோம்.

நான் இங்கே சொல்லப் போவது, வீட்டிலேயே செய்த ஒரு வீடியோ கேம் கண்ட்ரோல் பேனலைப் பற்றி. "ஐயையோ, வீடியோ கேமா? அதிலிருந்து பிள்ளைகளை மீட்க முடியாமல்தானே தவிக்கிறோம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பொருட்காட்சிகளிலும் ஷாப்பிங் மால்களிலும் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்குமே, பார்த்திருப்பீர்கள். மேலே டி.வி. திரை. அதன் கீழே சாய்வாக ஒரு பலகை. பலகையில் கார் கியர் மாதிரி ஒரு குச்சி, பக்கத்தில் கலர் கலராய்ப் பட்டன்கள். அந்தப் பெட்டியை 'ஆர்கேட்' என்பார்கள். அந்தப் பலகைதான் கண்ட்ரோல் பேனல். முழுப் பெட்டியும் நமக்கு வேண்டாம். பலகையை மட்டும் செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகினால் போதும்.

எனக்கு ஏன் இந்த வேலை?

என் சின்னவனுக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே இடது கையில் பலம் குறைவு. டாக்டர்கள் 'ஹெமிப்லீஜியா' என்பார்கள். செரிப்ரல் பால்சியில் இது ஒரு வகை. வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாகவும் பலவீனமாகவும் இருக்கும். படிப்பில் கெட்டிக்காரன், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன். ஆனால் இடது கை விரல்கள் மடங்கியே இருக்கும். கட்டை விரல் உள்ளே போய்விடும்.

மூத்தவளுக்கு அவள் மாமா வாங்கிக் கொடுத்த கேம்பேட் ஒன்று வீட்டில் உண்டு. அதை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிப் பிடித்து, இரண்டு கட்டை விரலாலும் ஆட வேண்டும். ஒரு கையால் பிடித்தால் ஆட விரல் இல்லை. ஆடினால் பிடிக்கக் கை இல்லை. ஆகவே அக்கா ஆடுவாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் குதி" என்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பான். அத்தை பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தாலும் அதே கதைதான். எல்லாருக்கும் முறை வரும், இவனுக்கு வராது. அவன் அழுதிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். "எனக்குப் பாக்கத்தாம்மா பிடிக்கும்" என்று சொல்லப் பழகிக்கொண்டான், பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் மால் ஒன்றில் அந்த ஆர்கேட் பெட்டி முன்னால் அவன் நின்றபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பலகையை யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை! பெட்டியே பலகையைத் தாங்குகிறது. கைக்கு மிச்சம் இருப்பது தள்ளுவதும் அழுத்துவதும்தான். அதை அவன் செய்வானே!

ஆட்டத்துக்கு ஒரு பலகை

ஆர்கேட் பலகை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? என் தம்பியிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில் எனக்கு ஆச்சரியம்தான்.

அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 1972ல் கொண்டுவந்த 'பாங்' ஆட்டத்தில் குச்சியும் இல்லை, பட்டனும் இல்லை. ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புகிற மாதிரி ஒரு குமிழ், அவ்வளவுதான். அதே கம்பெனியின் 1979ம் வருஷத்து 'ஆஸ்டராய்ட்ஸ்' ஆட்டத்தில் குச்சியே கிடையாது, ஐந்து பட்டன்கள் மட்டும். ஜப்பானில் நாம்கோ கம்பெனிக்காக டோரு இவாடானி என்பவர் உருவாக்கி 1980ல் வந்த 'பேக்-மேன்' ஆட்டத்தில் நேர்மாறு. ஒரே ஒரு குச்சி. ஆடுவதற்குப் பட்டனே வேண்டாம். சுடுவது, கொல்வது என்றிருந்த ஆட்டங்களுக்கு நடுவே பெண்களும் விரும்பி வந்து ஆட வேண்டும் என்று நினைத்துத்தான், சாப்பிடுவதை வைத்து அந்த ஆட்டத்தை அவர் அமைத்தாராம்!

பெண்கள் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டாரியின் 'சென்டிபீட்' ஆட்டத்தை 1981ல் எட் லாக் என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி என்ற பெண்மணி. அதில் குச்சிக்குப் பதில், பலகையில் பதித்த ஒரு பந்து. உள்ளங்கையால் உருட்டினால் போதும். 1991ல் காப்காம் கம்பெனியின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தபோது, ஒரு ஆளுக்கு ஒரு குச்சி, ஆறு பட்டன் என்று ஆகிவிட்டது.

ஆக, ஆட்டத்துக்குத் தகுந்தபடி பலகையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு மாற்றலாம் என்றால் பிள்ளைக்கு மாற்றக் கூடாதா?

அட்டையில் ஒத்திகை

முதல் வேலைக்கு ரம்பமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி ஒன்று போதும்.

அட்டையை இரண்டடி நீளம், ஓரடி அகலம் வெட்டிக்கொண்டேன். பிள்ளையை எப்போதும்போல் உட்காரச் சொல்லி, அட்டையை முன்னால் வைத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கோலமாவைத் தடவி, "கண்ணா, கையைச் சும்மா கீழே போடு" என்றேன். 'இங்கே வை' என்று நாம் சொல்லக் கூடாது. கை தானாக எங்கே விழுகிறதோ, அங்கே மாவு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு தடவை இப்படிச் செய்து, அதிகமாக மாவு படிந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். வலது கை நாம் நினைக்கிற இடத்தில்தான் விழுந்தது. இடது கையோ அட்டையின் விளிம்புக்குப் பக்கத்தில், முஷ்டியாக, சற்றுச் சாய்ந்து விழுந்தது. அங்கேதான் அவனுக்குப் பட்டன் வர வேண்டும். மற்ற பலகைகளில் எங்கே இருக்கிறது என்பது நமக்குப் பொருட்டில்லை.

சோடா பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி ஏறக்குறைய 30 மி.மீ. அகலம். ஆர்கேட் பட்டனும் அந்த அளவுதான்! நாலு மூடிகளை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் அட்டையில் ஒட்டினேன். பெரிய பட்டனுக்கு ஹார்லிக்ஸ் மூடி. குச்சிக்குப் பருப்பு மத்து! இரண்டு நாள் அவன் அதை வைத்துக்கொண்டு 'டுர்... டுர்...' என்று ஆடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி கவனித்தேன். மணிக்கட்டு மடங்குகிறதா, தோள் தூக்குகிறதா, எட்டிப் பிடிக்க உடம்பு சாய்கிறதா? சாய்ந்தால் மூடியைப் பிய்த்து நகர்த்தி ஒட்டுவேன்.

பிசியோதெரபி அம்மாளிடமும் அந்த அட்டையைக் காட்டினேன். "பலமில்லாத கையை ஒதுக்கி வச்சிடாதீங்க. சின்ன வேலையாவது அதுக்குக் கொடுங்க. ரெண்டு கையும் சேர்ந்து விளையாடினா நல்லதுதான்" என்றார்கள். அதனால் குச்சி வலது கைக்கு. பெரிய பட்டன் இரண்டு இடது கைக்கு என்று முடிவு செய்தோம்.

தேவையான பொருட்கள்

எல்லாம் சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலுமாக என் தம்பி வாங்கி வந்தான்.

குச்சி - 1. தலையில் உருண்டை வைத்தது ஒரு ரகம், பேரிக்காய் மாதிரி நீண்டது ஒரு ரகம். விரலால் பிடிக்க உருண்டை. உள்ளங்கையால் பற்ற நீண்டது வசதி.

மேலே குடை மாதிரி விரிந்த பெரிய பட்டன் - 2. இதில் 60 மி.மீ., 100 மி.மீ. என்று அளவுகள் உண்டு. நாங்கள் வாங்கியது பெரியது. முஷ்டியால் எங்கே தட்டினாலும் அழுந்தும்.

சாதாரணப் பட்டன் - 4. இதில் ஒரு விஷயம். உள்ளே தள்ளினால் 'டக்'கென்று பொருந்தும் ரகம் மெல்லிய தகட்டுக்கு. மரப் பலகைக்கு, நீண்ட மரையும் அடியில் நட்டும் உள்ள ரகம்தான் சரி.

யு.எஸ்.பி. என்கோடர் போர்டு - 1. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை அட்டை. பட்டன் அழுத்தியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் தூதுவன் இது. இதற்கான வயர்கள் கூடவே வரும்.

12 மி.மீ. பிளைவுட், நாலு ரப்பர் புஷ், திருகாணிகள், மேலே ஒட்ட சன்மைக்கா.

எனக்கு ஆசாரி கூலி உட்பட ரூ.3,400 ஆயிற்று. பழைய லேப்டாப் வீட்டிலேயே இருந்ததால் அந்தச் செலவு இல்லை.

மர வேலை

பட்டன்களை வாங்கி, அளந்து பார்த்த பிறகே துளை போட வேண்டும். மரை உள்ள ரகத்துக்கு 28, 29 மி.மீ. துளை, தள்ளும் ரகத்துக்கு 30 மி.மீ. குடைப் பட்டன் பார்க்கத்தான் பெரிசு. துளைக்குள் போவது தண்டு மட்டும்தான்.

அட்டையையே பிளைவுட் மேல் வைத்து, ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஆணியால் புள்ளி குத்திக்கொண்டு ஆசாரியிடம் கொடுத்தேன். வட்ட ரம்பம் மாட்டிய டிரில்லால் அவர் துளை போட்டார்.

"என்னம்மா, குச்சியை வலப் பக்கம் போடச் சொல்றீங்க? படத்துல எல்லாம் இடப் பக்கம்ல இருக்கு?" என்று கேட்டார்.

"என் பையனுக்கு வலது கைதான் பலம், ஐயா" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் அட்டையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். பிறகு நான் சொல்லாமலே இடது முன் மூலையை உளியால் வளைத்து, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். "முழங்கை உராயுமில்ல?" என்றார்.

குச்சியைப் பலகையின் அடியிலிருந்து பொருத்த வேண்டும். 12 மி.மீ. கனத்தில் குச்சி மேலே குட்டையாகத் தெரியும். அதனால் அந்த இடத்தில் மட்டும் அடியிலிருந்து கொஞ்சம் செதுக்கிவிட வேண்டும். பலகைக்கு அடியில் நாலு பக்கமும் 10 செ.மீ. உயரச் சட்டம், பட்டன்களின் வாலும் வயரும் அதற்குள் அடங்கிவிடும். கீழே ரப்பர் புஷ் கட்டாயம். தட்டுகிற வேகத்தில் பலகை நகர்ந்தால் பிள்ளை நம்பிக்கை இழந்துவிடுவான்.

வயர் வேலை

இதற்குத்தான் நான் மிகவும் பயந்தேன். வாசல் காலிங் பெல்லில் என்ன நடக்கிறது? அழுத்தினால் இரண்டு கம்பி சேரும், விட்டால் பிரியும். இதுவும் அதேதான். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் 'மைக்ரோ ஸ்விட்ச்' என்று ஒரு குட்டிப் பெட்டி. குச்சிக்கு அடியில் நாலு திசைக்கு நாலு. மூன்று தகடு உள்ள ஸ்விட்சில், 'காமன்' என்ற தகட்டையும் 'என்.ஓ.' என்ற தகட்டையும் மட்டும் இணைக்க வேண்டும். மூன்றாவது தகட்டில் மாட்டினால், அழுத்தாதபோது அழுத்தியதாகவும் அழுத்தும்போது விட்டதாகவும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். வயர் முனையில் உள்ள கிளிப்பைத் தகட்டில் சொருகினால் போதும், பற்றவைப்பு வேண்டாம். மறுமுனையைப் போர்டில் சொருகி, போர்டின் யு.எஸ்.பி. வயரை லேப்டாப்பில் மாட்டினால் முடிந்தது.

யு.எஸ்.பி.யில் வருவது 5 வோல்ட்தான். பலகையைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் லேப்டாப் சார்ஜர் வீட்டு மின்சாரம். அதன் வயரைப் பிள்ளைகள் கால் படாமல் ஒதுக்கி வையுங்கள்.

பட்டன் கடினமாக இருந்தால், மெல்ல அழுத்தினாலே வேலை செய்கிற மைக்ரோ ஸ்விட்ச் தனியாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். கை நடுங்கும் பிள்ளைகளுக்கு, குச்சி நாலு திசையில் மட்டும் போகும்படி அடியில் உள்ள வழித்தகட்டை மாற்றினால், மூலைக்கு இழுத்துக்கொண்டு போகாது. பேக்-மேனுக்கு நாலு திசையே போதும். ஆட்டங்களைக் காசு கொடுத்து முறையாக வாங்குங்கள்; அல்லது உரிமையுடன் இலவசமாகத் தருபவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் இறக்கினால் வைரஸும் வரும், அடுத்தவர் உழைப்பைத் திருடிய பாவமும் வரும்.

உடம்பைக் கவனியுங்கள்

பலகையின் மேல்பரப்பு, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். சாப்பாட்டு மேஜையில் வைத்தால் குழந்தைகளுக்கு உயரமாகிவிடும். நாங்கள் ஒன்றரை அடி உயர டீப்பாயில் வைத்தோம். பாதம் தரையில் படிய வேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணை போடுங்கள்.

20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு ஓய்வு. எங்கள் வீட்டில் வாசல் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

முக்கியமாக ஒன்று. செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் இருக்கலாம். பளிச் பளிச்சென்று மின்னும் படங்கள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இது வைத்தியமும் அல்ல. தினசரிப் பயிற்சிக்குப் பதிலாக இதைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், கழற்றிய நட்டு, திருகாணிகளை டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

கடையில் கிடைக்காதா?

கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2018ல் 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர்' என்று ஒன்று கொண்டுவந்தது. இரண்டு பெரிய பட்டன்கள். பின்பக்கம் 19 துளைகள். எந்தத் துளையில் எந்தப் பட்டனை வேண்டுமானாலும் சொருகி, காலுக்கோ முழங்கைக்கோ தலைக்கோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சோனி கம்பெனியும் 2023ல் 'ஆக்ஸஸ் கண்ட்ரோலர்' கொண்டுவந்தது. வசதி உள்ளவர்கள் வாங்கலாம். அந்த 19 துளைகளும் பழைய ஹெட்போன் சொருகுகிற அதே 3.5 மி.மீ. துளைகள்தான். நம் பலகையிலும் பக்கவாட்டில் அப்படி ஒரு துளை வைத்தால், நீண்ட வயரில் ஒரு பட்டனைச் சொருகிக் காலால் அழுத்தலாம். என் தம்பி இப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

பேனல் தயாரான அன்று முதலில் பேக்-மேன் போட்டோம். குச்சி மட்டும்தான், வலது கையால் ஆடினான். ஒரு வாரம் போனதும், குதிக்க ஒரே ஒரு பட்டன் வேண்டிய ஆட்டம். அந்தப் பட்டன் இடது கைக்கு. முதலில் நேரம் தவறித் தவறித்தான் தட்டினான். அக்கா கேம்பேடைக் கீழே வைத்துவிட்டு, "நான் அழுத்தட்டுமாடா?" என்றாள். "வேணாம்க்கா, இது என் முறை" என்றான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று தெரிந்துகொள்ளக்கூடத் தோன்றவில்லை.

இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன மாமனார், முடக்குவாதத்தில் விரல் வளைந்துபோன பாட்டி, இவர்களுக்கும் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து ஆட ஆசை இருக்காதா? பெரிய பட்டன் ஒன்று, சரியான இடத்தில் இருந்தால் போதும்.

ஒரே ஒரு யோசனை. மேல்பலகையைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். திருகாணி மட்டும் போடுங்கள். பிள்ளை வளர்வான், கையும் வளரும், கை விழும் இடமும் மாறும். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினால் ஆயிற்று. பட்டன்களும் போர்டும் அவையேதான். வருகிற பரீட்சை லீவில் அடுத்த அளவு எடுப்பதாக இருக்கிறோம். கிரைண்டர் வந்த அட்டைப் பெட்டியைப் பரண் மேல் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கோலமாவுதான் வீட்டில் எப்போதும் இருக்கிறதே!